எட்டு முள்ளுல ஏழுதான் இருந்துச்சு

நேத்து காலைல எங்க ஊட்ல நடந்தது இது. இப்போதான் உக்காந்து டைப் பண்றேன்.

புதுசா வந்தவங்களுக்காக: நான் ஆவடி. முன்னாடி கேக்குக்கு ஏர்பிரஷ்ல கலர் அடிச்சுகினு இருந்தேன். பேனா மாதிரி இருக்கும், காத்தோட சேத்து கலரைப் பனியா தெளிக்கும்.

ஊட்டுக்காரர் ஸ்டீபனுக்கு மீன் பிடிக்கிறதுன்னா உசுரு. அவரோட லூருக்கு (மீனை ஏமாத்துற பிளாஸ்டிக் மீன்) ஒருநாள் சும்மா அடிச்சுக் குடுத்தேன். அவர் கூட்டாளிங்களும் கேட்டாங்க. இப்போ இதான் வேலை. (கேக் வாங்குறவங்க அளவுக்கு மீனுங்க கொற சொல்றதில்ல.)

நேத்து நாலு லூரு. பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி முள்ளைக் கழட்டணும். ஒரு லூருக்கு ரெண்டு, மொத்தம் எட்டு. ஒவ்வொண்ணும் மூணு பக்கம் வளைஞ்ச கொக்கி.

எல்லாத்தையும் ஒரு டப்பா மூடியில போட்டேன்.

பூண்டு வர்ற வலைப் பையை லூரு மேல இழுத்துக் கட்டி செதில் அடிச்சேன். செவுளுக்கு அடிக்க செவப்பை ஒரு சின்ன கப்புல ஊத்தி வெச்சேன். குக்கர் விசில் வந்துச்சு, அடுப்பை நிறுத்தப் போனேன்.

திரும்பி வந்தா, தூங்கிகினு இருந்த பாப்பா ஜெனி தவழ்ந்து வந்து மேஜைக்குக் கீழ உக்காந்திருக்கா. பத்து மாசம்.

மூடியும் செவப்பு கப்பும் தரையில கெடக்கு. அவ வாயெல்லாம் செவப்பு.

முள்ளை எண்ணினேன். ஏழு.

"என்னங்க, இங்க வாங்க"ன்னு கூப்ட்டேன்.

ஸ்டீபன் ஓடி வந்து அவ வாயைத் தொறந்து பாத்தாரு. "காயம் தெரியல. கெளம்பு, ஆஸ்பத்திரி போலாம்."

ஆட்டோல அவர் ஒரு வார்த்த பேசல. நான் பாப்பா வாயவே பாத்துகினு வந்தேன். அவ என் துப்பட்டாவைப் புடிச்சு இழுத்துகினு சிரிக்கிறா.

டாக்டர் பஞ்சால தொடச்சுப் பாத்தாரு. "இது ரத்தம் இல்லம்மா, பெயின்ட்டு. என்ன பெயின்ட்டு?"

"தண்ணில கலக்குறது சார்." போன்ல பாட்டில் போட்டோவைக் காட்டினேன்.

"சரி. முள்ளு உள்ள போயிருக்கான்னு எக்ஸ்ரே பாத்துடலாம். அதுவரைக்கும் எதுவும் குடுக்காதீங்க."

எக்ஸ்ரே எடுக்கற அக்கா பாப்பாவ வாங்க கை நீட்டினாங்க. நீட்டின கை அப்படியே நின்னுடுச்சு.

"அசையாதீங்க."

"என்னக்கா?"

"உங்க துப்பட்டா நுனில என்னமோ மாட்டிகினு தொங்குது பாருங்க."

எட்டாவது முள்ளு. குக்கரை நிறுத்த ஓடினப்போ துப்பட்டா மாட்டி மூடியை இழுத்துத் தள்ளியிருக்கு.

எந்த நுனியை இழுத்துகினு பாப்பா சிரிச்சாளோ, அதுக்கு அரை ஜாண் தள்ளி.

அக்கா கத்தரிக்கோலால துணியோட வெட்டி எடுத்தாங்க. டாக்டர் எதுக்கும் இருக்கட்டும்னு எக்ஸ்ரேவும் எடுக்கச் சொன்னாரு. சுத்தமா இருந்துச்சு.

ஸ்டீபன் அப்படியே பெஞ்சுல உக்காந்துட்டாரு.

"ஆட்டோல உன்னைத் திட்டணும்னு இருந்துச்சு. வாயைத் தொறந்தா அழுதுடுவேன்னு சும்மா வந்தேன்"ன்னாரு.

அப்புறம் ரெண்டு பேரும் அழுதோம். ஜெனி எங்களை வேடிக்கை பாத்தா.

இனிமே முள்ளைக் கழட்டி, எண்ணி, திருகு மூடி பாட்டில்ல போட்டு பரண் மேல வெச்சப்புறம்தான் பெயின்ட்டைத் தொடுவேன். அந்த எக்ஸ்ரே அக்கா பேர்கூட கேக்கல. நல்லா இருக்கணும் அவங்க.

தவழ்ற கொழந்தைய வெச்சுகினு ஊட்ல இந்த மாதிரி வேலை பாக்குறவங்க இருக்கீங்களா? கூர்மையான சாமானை எங்க வெக்கறீங்க?

பேங்க் லாக்கர்ல வெக்கலாம்னு ஸ்டீபன் சொல்றாரு. மனுசன் ஜோக்கு சொல்ல ஆரம்பிச்சுட்டாரு, அதுவே எனக்குப் போதும்.