சலோனியஸாக நடந்த நாள்

ரோமாபுரியில் பிலேரோவைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் அவர் எப்படி நடப்பார் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. அவருக்கென்று ஒரு நடை இருந்ததே இல்லை. மீன் சந்தைக்குள் நுழையும்போது ஒரு செனட்டரைப் போல வயிற்றை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் வருவார். திரும்பும்போது அதே செனட்டரிடம் சிபாரிசுக்கு நிற்கிற ஆளைப் போல முதுகை வளைத்துக்கொண்டு போவார். மீன்காரிகளுக்குச் சிரித்து மாளாது.

பெரிய வீடுகளில் சாவு விழுந்தால் குழல் ஊதுகிறவர்களுக்கு முன்பே பிலேரோவுக்கு ஆள் வந்துவிடும். இறந்தவரின் முகத்தை மெழுகில் வார்த்திருப்பார்கள். அதை மாட்டிக்கொண்டு, அவருடைய அங்கியை உடுத்திக்கொண்டு, பாடைக்கு முன்னால் அவரைப் போலவே நடக்க வேண்டும். அவரைப் போல இரும வேண்டும், அவரைப் போல எரிந்து விழ வேண்டும். முகமூடி இருக்கும் வரைக்கும் அவர்தான் இறந்தவர். என்ன பேசினாலும் பெற்ற பிள்ளைகூடப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கழற்றிவிட்டால் வெறும் கூத்தாடி. கூத்தாடியின் முதுகில் பிரம்பு விழுந்தால் ஏனென்று கேட்க ஆள் கிடையாது.

இப்படி எத்தனையோ பேராக நடந்த மனிதருக்கு, சலோனியஸ் இறந்தபோதுதான் கால் தயங்கியது.

சலோனியஸை அவருக்கு வாலிப வயதிலிருந்தே தெரியும். பிலேரோ, கபுவா ஊரில் ஒரு சாயக்காரரிடம் அடிமையாக இருந்து, விடுதலை பெற்று ரோமுக்கு வந்த புதிதில், சுபூரா மேட்டில் ஒரு கொண்டைக்கடலைக் கடை வாசலில் ஆட்களைப் போல நடித்துக்காட்டிப் பிழைத்தார். சாயங்காலமானால் சலோனியஸும் அவருடைய உயிர்த்தோழர் மாத்தோவும் அங்கே வருவார்கள். இருவரும் பெரிய வீட்டுப் பிள்ளைகள். அரசியலில் இறங்கத் துடித்துக்கொண்டிருந்தவர்கள். மாத்தோ சிறு வயதில் குதிரையிலிருந்து விழுந்ததில் இடது காலைச் சற்று இழுத்துத்தான் நடப்பார்.

"டேய் நொண்டி, சீக்கிரம் வாடா. கடல ஆறிப்போகுது" என்று மேட்டின் மேலிருந்து சலோனியஸ் கத்துவார்.

"மெதுவா வந்தாத்தான்டா ஜனங்க நம்ம மூஞ்சியப் பாப்பாங்க. நீ ஓடுற ஓட்டத்துல உன்ன எவன் பாத்தான்? உனக்கு எவன் ஓட்டுப் போடுவான்?"

உடனே சலோனியஸ் கீழே இறங்கிப் போவார். மாத்தோவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, தானும் இடது காலை இழுத்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, அச்சு அசலாக மாத்தோவைப் போலவே நடப்பார். இரண்டு நொண்டிகள் சேர்ந்து மேடேறி வருவதைப் பார்த்துத் தெருவே சிரிக்கும்.

"ஐயா, என் பொழப்புல மண்ணப் போடாதீங்க! நீங்களே இப்படி நடிச்சா நான் எங்க போறது?" என்று பிலேரோ கும்பிடுவார். மாத்தோ அவர்மேல் ஒரு கடலையை விட்டெறிவார்.

பிலேரோ தன் வாழ்நாளில் எத்தனையோ நடைகளைப் பார்த்திருக்கிறார். அவருக்கு மிகவும் பிடித்தது அந்த இரட்டை நடைதான்.

அது அதிக நாள் நீடிக்கவில்லை. நகர நீதிபதி பதவிக்கு இருவரும் ஒரே வருஷத்தில் நின்றார்கள். வேட்பாளர்கள் உடுத்தும் சுண்ணாம்பு தேய்த்த வெள்ளை அங்கியில் இருவரும் சதுக்கத்தில் கைகூப்பி நின்றார்கள். மாத்தோ ஜெயித்தார். அன்றைக்குச் சலோனியஸ் தனியாக, நேராக நடந்து மேடேறி வந்தார். கடை வாசலில் நின்றார். கடலை கேட்காமலேயே போய்விட்டார்.

பிறகு உள்நாட்டுச் சண்டை வந்தது. ஜெயித்த தரப்பு தோற்றவர்களின் தலைக்கு விலை வைத்தது. மாத்தோவின் தலைக்கும்தான். ஒளிய இடமில்லாமல் அவர் சலோனியஸின் திராட்சைத் தோட்டத்துக்கு ஓடினார். சலோனியஸ் கட்டிப்பிடித்து வரவேற்றார், பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார். விடிந்தபோது வாசலில் சிப்பாய்கள் நின்றார்கள். மாத்தோவின் தலை போயிற்று. சிப்பாய்களுக்கு யார் சொல்லியனுப்பினது என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் அந்த நீதிபதி நாற்காலியில் சலோனியஸ் உட்கார்ந்திருந்தார்.

மாத்தோவின் சிலையை உடைத்தார்கள். அவர் வீட்டிலிருந்த முன்னோர்களின் மெழுகு முகங்களை அடுப்பில் போட்டு உருக்கினார்கள். எந்த ஊர்வலத்திலும் அவர் முகத்தைத் தூக்கக் கூடாது, அவராக யாரும் நடிக்கக் கூடாது, பேரைச் சொல்லக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள்.

சலோனியஸின் ஊர்வலத்துக்கு முந்தின நாள் மாத்தோவின் மகள் ஓர்பியா பிலேரோவைத் தேடி வந்தாள். அதே மேட்டில், மூன்றாவது மாடியில், கம்பளி நூற்றுப் பிழைக்கிறவள்.

"அந்தாளா நீங்கதான் நடக்கப் போறீங்களாமே, மாமா."

"ஆமா தாயி. அவரோட இருமல் வேற எவனுக்கும் வராது."

"உங்களத் திட்ட வரல. எங்கப்பா போறப்ப எனக்கு மூணு வயசு. அவர் முகமே எனக்கு ஞாபகமில்ல. எப்படி நடப்பார்னாவது பாக்கணும்."

"இவ்வளவுதானே? கதவச் சாத்து. இங்கயே நடந்து காட்டுறேன்."

"கதவச் சாத்திக்கிட்டா? அவரு என்ன கோழி திருடினவரா?" அவள் குரல் உயர்ந்தது. "அவருக்கு ஊர்வலமே போகல மாமா. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, பெரிய வீதியில அவரு நடக்கணும். நாலு பேர் பாக்கணும்."

"முதுகுத் தோல உரிச்சிருவாங்க தாயி."

அவள் எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் சலோனியஸின் மகன் பப்லியஸ் தன் கையாலேயே மெழுகு முகத்தை எடுத்துக் கொடுத்தான். அடுத்த தேர்தலில் நிற்கப் போகிறவன். ஊர் முழுக்கத் திரண்டுவரும் இந்த ஊர்வலத்தை விட்டால் அவனுக்கு வேறு மேடை இல்லை.

"கெழவா, எங்கப்பா கோவம், கிண்டல் எல்லாத்தையும் செய். அந்த நொண்டியோட பேரு மட்டும் உன் வாயில வரக் கூடாது. வந்துச்சுன்னா, இந்த ஊர்ல எந்தப் பொணத்துக்கு முன்னாலயும் நீ நடக்க மாட்ட."

"பேரு வராது சின்னய்யா. சத்தியமா வராது."

ஊர்வலம் கிளம்பியது. பிலேரோ சலோனியஸாக இருமினார். குழல்காரர்களைப் பார்த்து, "ஊதுறதுக்குத்தானே சோறு போடுறேன், எதுக்குத் தூங்குறீங்க?" என்று எரிந்து விழுந்தார். கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தது. பப்லியஸின் முகம் மலர்ந்தது.

சுபூரா மேடு இறங்கி வந்து சதுக்கத்தைத் தொடும் இடத்தில் ஓர்பியா நின்றுகொண்டிருந்தாள்.

பிலேரோ நின்றார். மேட்டை அண்ணாந்து பார்த்தார். பிறகு இடது பக்கம் திரும்பி, அங்கே இல்லாத ஒருவருடைய தோளில் கையைப் போட்டார். தலையைச் சாய்த்தார். இடது காலை இழுத்து ஓர் அடி வைத்தார். இன்னொன்று வைத்தார்.

இளவட்டங்கள் கைதட்டிச் சிரித்தார்கள். வயதானவர்கள் சிரிக்கவில்லை. ஒரு கிழவர், "அட, இது அவரு கூட..." என்று ஆரம்பித்து, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

பப்லியஸ் பாய்ந்து வந்தான். "என்ன பண்ற? நிறுத்து!"

முகமூடி அவன் பக்கம் திரும்பியது. உள்ளேயிருந்து வந்தது அவன் அப்பாவின் குரல்.

"நடக்குறேன்டா. நீ பொறக்குறதுக்கு முன்னாடி இந்த மேட்டுல நான் இப்படித்தான் நடந்தேன். நம்பிக்கை இல்லன்னா அங்க நிக்கிற கெழடுங்களக் கேளு."

பப்லியஸ் கூட்டத்தைப் பார்த்தான். நரைத்த தலைகள் ஒவ்வொன்றாக ஆடின. இறந்த தகப்பனோடு வீதியில் சண்டை போட முடியுமா? அவன் பின்வாங்கினான்.

மாத்தோவை நடக்கவைக்கத்தான் பிலேரோ காலை இழுத்தார். ஆனால் நடக்க நடக்க, சலோனியஸின் பழைய சந்தோஷமும் உடம்புக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. காட்டிக்கொடுத்த கைதான். அந்தத் தோளில் கிடந்தபோது அதற்கு எந்தக் கபடமும் தெரிந்திருக்கவில்லை. சதுக்கத்தின் மேடை வரைக்கும் காலை இழுத்துக்கொண்டே போனார்.

மேடையில் இறந்தவரைப் புகழும் பிரசங்கம் முடிந்ததும் பப்லியஸ் முகமூடியைப் பிடுங்கிக்கொண்டான். உத்தரவை மீறினான் என்று அடிக்கவும் வழியில்லை. அடித்தால், யாருடைய நடை அது என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டிவரும்.

"போ. இனிமே நீ வெறும் ஆளு" என்றான்.

அவன் சொன்னபடியே செய்தான். அதற்குப் பிறகு எந்தப் பெரிய வீட்டிலிருந்தும் பிலேரோவுக்கு ஆள் வரவில்லை.

அன்று சாயங்காலம் அவர் பழைய கடலைக் கடையில் உட்கார்ந்திருந்தார். ஓர்பியா வந்து எதிரே உட்கார்ந்தாள். அழுது வீங்கிய முகம்.

"இடது காலா மாமா?"

"இடதுதான்."

"நிமிர்ந்து நடப்பார்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்."

"நிமிந்துதான் நடந்தாரு. காலுதான் ஒத்துக்கல."

அவள் சிரித்துவிட்டாள். சூடான கடலை வந்தது. அவள் ஒன்றை எடுத்து அவர்மேல் விட்டெறிந்தாள். ஏன் எறிந்தாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. அந்தக் கதையை அவர் அவளிடம் சொன்னதே இல்லை.

மேட்டில் இறங்கும்போது ஓர்பியா இடது காலை மெல்ல இழுக்க ஆரம்பித்தாள். பிலேரோ ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு அவரும் காலை இழுத்தார். கடைக்காரர் கரண்டியும் கையுமாக வாசலுக்கு வந்து, இருவரும் திருப்பத்தில் மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார்.