பிரிஞ்சி இலைச் செடிக்கு மோர் ஊற்றிய செக்ரட்டரி

தனசேகர் செத்துப்போய்விட்டார்.

எங்கள் வெள்ளானூர் ஃப்ளாட்ஸ் அசோசியேஷன் செக்ரட்டரி. கிரவுண்ட் ஃப்ளோர். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாராம்... ஆம்புலன்ஸ் ஆவடியைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வாட்ஸ்அப் குரூப்பில் "தங்கமான மனிதர்" என்று ஓடிக்கொண்டிருக்கிறது. போன மீட்டிங்கில் இதே ஆட்கள் அவரை என்னவெல்லாம் பேசினார்கள் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நான் அப்படி எழுத மாட்டேன். எனக்கும் அவருக்கும் ஆகாது. எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

காரணம் ஒரு செடி.

என் மகள் கயல் அயர்லாந்து போவதற்கு முன், பூந்தமல்லி தாண்டி ஹைவே ஓரத்து நர்சரியில் ஒரு பிரிஞ்சி இலைக் கன்று வாங்கி, தொட்டியோடு என் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். பிரியாணிக்குப் போடுவோமே, அந்த இலை. அவள் வீட்டுக்குள் வரவில்லை.

"மண்ணுக்குள்ள விரலை விட்டுப் பாருங்கப்பா. காஞ்சிருந்தா மட்டும் தண்ணி. இப்போதைக்கு இலையைப் பறிக்காதீங்க." அவ்வளவுதான் பேச்சு.

அவள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. ஏன் என்பது இங்கே வேண்டாம்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் மிச்சமிருந்த ஒரே பேச்சு இந்தச் செடிதான். ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால் வரும். "செடியைக் காட்டுங்க" என்பாள். காட்டுவேன். செடி இருக்கும்வரைதான் கால். இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

நான் அதுவரை ஒரு கீரைகூட வளர்த்தவனில்லை. இந்த வயதில் யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். செம்மண், கோகோபீட், தொட்டியின் அடியில் ஓட்டை... மொட்டை மாடியில் காலை வெயில் மட்டும் படுகிற மூலையாகப் பார்த்து வைத்தேன். புதுத் துளிர் செம்பு நிறத்தில் வந்தது.

அப்போதுதான் செக்ரட்டரி ஆர்டர் போட்டார். தொட்டித் தண்ணீர் இறங்கி மேல் வீட்டு சீலிங் ஒழுகுகிறதாம். மாடியில் ஒரு தொட்டியும் இருக்கக் கூடாதாம். பில்டர் தளம் போட்ட லட்சணம் அது என்று சொன்னேன். யார் கேட்டார்கள்?

தொட்டி கீழே மோட்டார் ரூம் பக்கத்துக்கு வந்தது. அதாவது, தனசேகர் வாசலுக்கு.

சில வாரங்களில் இலை மஞ்சளடித்தது. தொட்டியைச் சுற்றி எறும்பு. மண்ணிலிருந்து ஒரு புளித்த வாடை. ஒரு நாள் காலை கையும் களவுமாகப் பிடித்தேன்... லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, சொம்பிலிருந்து மோரை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன சார் பண்றீங்க?"

"இன்னா பண்றாங்க? கருவேப்பிலைக்குப் புளிச்ச மோரு ஊத்தறதில்ல? எங்க ஊட்ல ஊத்துவோம், ஜம்முனு கீது."

"இது கருவேப்பிலை இல்ல சார். பிரிஞ்சி இலை."

"பிரியாணிக்குத் தயிரு ஊத்துவீங்களா மாட்டீங்களா? அத்த இப்பவே ஊத்திக்கினு கீறேன்."

வாட்ச்மேன் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த ஃப்ளாட்ஸ் வருவதற்கு முன் இங்கே இருந்த வயலில் தன் அப்பா கூலிக்கு நாற்று நட்டதை மீட்டிங்குக்கு மீட்டிங் சொல்கிறவர் அவர். அதையே கேட்டேன். "வயக்காட்டுக் குடும்பம்ங்கறீங்க. ஈரம் நின்னா வேர் அழுகும்னு தெரியாதா?"

"நெல்லு தண்ணிலதான் சார் நிக்கும்" என்றார்.

தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். பாதி வேர் பழுப்பாகி, தொட்டால் கையோடு வந்தது. அழுகியதை வெட்டிவிட்டுப் புது மண்ணில் வைத்தேன். மிச்சமிருந்த இலையும் கொட்டிப்போனது. வெறும் குச்சி.

கயல் கூப்பிட்டபோது, நெட்வொர்க் சரியில்லை, அப்புறம் காட்டுகிறேன் என்று சமாளித்தேன். அடுத்த ஞாயிறும் அதே பொய். அதற்கடுத்த ஞாயிறு அவள் நம்பவில்லை. போனோடு கீழே போகவேண்டியதாயிற்று.

தனசேகர் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"இன்னா கண்ணு, சாப்டியா? செடி மொட்டையாய்ட்ச்சும்மா. நான்தான் மோரு ஊத்திக் கெடுத்துட்டேன். உங்கப்பன் மேல ஒண்ணும் தப்பு இல்ல. அந்தாளு அதுக்குக் கொடை புடிக்காத கொறதான். சாரிம்மா."

"ஐயோ அங்கிள்... மோரா?" கயல் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்கு வருடக்கணக்காகிவிட்டது.

என்னிடம் அவர் கடைசிவரை சாரி சொல்லவில்லை. அவளிடம் சொன்னார். அதை நான் மன்னிப்பதாக இல்லை.

அதற்குப் பிறகும் கால் வந்தது. ஆனால் "செடியைக் காட்டுங்க" போய், "அங்கிள் இருக்காரா?" என்று ஆகிவிட்டது. அங்கே என்ன மழை, இங்கே என்ன குழம்பு என்று இரண்டு பேரும் அரட்டை. நான் வெறும் போன் ஸ்டாண்ட். கை வலிக்கும்.

நடுவில் அவரே, "அப்பன்கிட்டயும் ரெண்டு வார்த்தை பேசும்மா, மூஞ்சி தொங்கிப்போச்சு" என்று போனை என் பக்கம் திருப்புவார். பேசுவாள். அவர் பிச்சை போட்ட மாதிரி இருக்கும் எனக்கு.

செடி பிழைத்துக்கொண்டது. அடித்தண்டில் துளிர் விட்டது. அதற்கும், "மோரு இப்பத்தான் சார் வேல செய்து" என்றார் அந்த மனுஷன்.

இப்போது கீழே ஷாமியானா கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கயல் இந்த ஃபேஸ்புக்கில் என் ஃப்ரெண்ட் லிஸ்ட்டில் இல்லை. உங்களில் சிலர் அவளுடைய லிஸ்ட்டில் இருக்கிறீர்கள். தயவுசெய்து அவளை டேக் செய்யாதீர்கள், ஸ்க்ரீன்ஷாட் அனுப்பாதீர்கள். இதை அவளுக்கு நான்தான் சொல்ல வேண்டும்.

காலையிலிருந்து போனை எடுத்து எடுத்து வைக்கிறேன். நானாக அவளைக் கூப்பிட்டதே இல்லை... என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

நாலு மணிக்கு எடுக்கிறார்கள்.

போங்க செக்ரட்டரி சார். உங்கள் மேல் இருக்கிற கோபம் அப்படியேதான் இருக்கிறது.