‘திடீர்’ என்று எழுத மறுத்த சிஸ்டர்

சிஸ்டர் ரெஜினா இறந்த செய்தி வாட்சாப்பில் வந்தபோது, ஆயர் ஈத்தாம் என்ற ஊரில் காரை நிறுத்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ‘இறைவனில் இளைப்பாறினார்’ என்று இருந்தது. எதனால் என்று இல்லை. எரிச்சல் வந்தது. மடத்துக்கு அழைத்துக் கேட்டேன். சிறுநீரகம் கெட்டு நெடுநாள் படுக்கையில் இருந்தாராம். அதை எழுதினால் என்ன குறைந்துவிடும்? சிஸ்டர் இருந்திருந்தால் அப்படியொரு செய்தியை வெளியே விட்டிருக்கமாட்டார்.

குளுவாங்கில் அவர் மடத் தலைவியாக இருந்ததும், மடத்தை ஒட்டி ஒரு மாணவியர் விடுதி இருந்ததும் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கலாம். பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வுபெற்ற என்னை எதற்குக் கூப்பிட்டார் என்பது பலருக்குத் தெரியாது. விடுதியில் விபரீதம் ஏதும் நடந்தால் யாரிடம் யார் என்ன சொல்வது என்று முன்கூட்டியே திட்டம் வேண்டும் என்றார். முதலில் குடும்பம், அதுவும் நேரில், பத்திரிகை கடைசியில். அதுதான் அவர் போட்ட வரிசை. சாப்பாட்டு அறையில் பயிற்சி நடக்கும். நிருபராக நான் குடைந்து கேட்பேன். எதைக் கேட்டாலும் ஓர் இளம் சிஸ்டர், “உங்களுக்காக செபிக்கிறோம் சார்” என்றார். ரெஜினா குறுக்கிட்டார். “அவரு கேட்டது பதில். செபத்த நாம உள்ள போய் செஞ்சிக்கலாம்.” எல்லாரும் சிரித்தோம்.

பிறகு யாழினி இறந்தாள். இரண்டாம் படிவ மாணவி, பதினான்கு வயது. மாலையில் காய்ச்சல் என்றிருக்கிறாள். பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறாள் என்று நினைத்த விடுதிப் பொறுப்பாளரான சிஸ்டர் பனடோல் மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்துவிட்டார். காலையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். டிங்கிக் காய்ச்சல். தாய் கலா வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

‘திடீர் உடல்நலக் குறைவால்’ என்று சபையின் வழக்கறிஞர் அறிக்கை எழுதி அனுப்பினார். பொறுப்பாளரை அன்றே வேறு ஊருக்கு மாற்றிவிடும்படி சபையின் மேலிடத் தலைவி போனில் சொன்னார். வழக்கம்போல, சத்தமில்லாமல். நான் பக்கத்தில் இருந்தேன். ரெஜினா நிதானமாகச் சொன்னார்.

“திடீர்னு இல்ல மதர். முதல் நாளே அந்தப் பிள்ள சொன்னுச்சு. நாமதான் நம்பல. சிஸ்டர் இங்கயே இருக்கட்டும். பிள்ளையோட வீட்டுல வந்து கேட்டா யாரு பதில் சொல்றது?”

கலா உலு திராமில் தொழிற்சாலை வேலை செய்பவர். அவர் வீட்டுக்கு நான்தான் கார் ஓட்டினேன். ரெஜினா உட்காரவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

கலா கேட்டது ஒன்றுதான். “சாயங்காலமே கொண்டு போயிருந்தா?”

“பொழைச்சிருக்கலாம்மா. டாக்டர் அப்படித்தான் சொன்னாரு.”

கலாவின் அண்ணன் எங்களை வாசலுக்குத் தள்ளினார். யாரோ காறித் துப்பினார்கள். துப்பியது ரெஜினாவின் அங்கியில் பட்டது. அவர் துடைக்கவில்லை. காரில் திரும்பும்போது, “இப்ப செபிக்கலாம் சார்” என்றார். நான் சைவக் குடும்பத்துக்காரன். ரேடியோவை அணைத்தேன்.

வழக்கு வந்தது. விடுதியை மூடினார்கள். சபையைக் காட்டிக்கொடுத்தவர் என்று அவர் காதுபடவே பேசினார்கள். பதவியைப் பறித்து வேறு மடத்துக்கு அனுப்பினார்கள். உண்மையைச் சொன்னதற்கு அவருக்குக் கிடைத்த மரியாதை இவ்வளவுதான். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. நான் அப்படிச் சொன்னபோது, “பிள்ளைய பறிகொடுத்தது நானில்ல சார்” என்றார்.

ரெஜினாவின் அடக்கத் திருப்பலிக்குக் கலா வந்திருந்தார். கோவிலுக்குள் வராமல் வெளி கேட் ஓரம் நின்றார். போய்ப் பேசினேன்.

“மன்னிச்சுட்டேன்னு நெனைச்சிராதீங்க அண்ணே. மன்னிக்கல. ஆனா எம்பிள்ள எப்படி செத்துச்சுன்னு நான் யாருகிட்டயும் கேட்டு அலையல. அதுக்குத்தான் வந்தேன்.”

இன்றும் துறவு மடங்களின் தலைவர்கள், ஏதாவது நடந்துவிட்டால், அறிக்கை எழுதித் தரச் சொல்லி என்னை அழைக்கிறார்கள். ‘அந்த வீட்டுக்குப் போய் வந்தீர்களா?’ என்று கேட்கிறேன். இல்லை என்றால், பேனாவைத் தொடுவதில்லை. ரெஜினாவிடமிருந்து என்னோடு இருப்பது இந்தக் கேள்விதான். பெரும்பாலும் இல்லை என்றே சொல்கிறார்கள்.