லயம் தூங்க ஒரு மாத்திரை

என் மகள் மலருக்குத் தூக்கம் கெட்டபோது, எங்கள் வீட்டோடு சேர்த்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கே தூக்கம் கெட்டது. மலேசியாவில் கோலா பிலா பக்கத்திலுள்ள எங்கள் தோட்டத்தில் லயத்து வீடுகளின் இடைச்சுவர் கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் ‘நூறு’ என்பார்கள். எல்லாரும் விடியுமுன் எழுந்து பெரட்டில் (காலை ஆள் கணக்கெடுப்பில்) பேர் கொடுத்து, வேலைக்குப் போகிறவர்கள்.

மலருக்குப் பதினொரு வயது. ஆட்டிசம் (பேச்சும் பழக்கமும் வேறு தடத்தில் வளரும் மூளைநிலை). பேச்சு வராது. சொல்லே இல்லாத ஒரு பாட்டு மட்டும் உண்டு. என்னைக் கண்டால் அது உச்சத்துக்கு ஏறும். அவள் என்னை அம்மா என்று கூப்பிடுவது அப்படித்தான். அதை ராத்திரி முழுக்கப் பாடினாள்.

டாக்டர் முதலில் மெலடோனின் (இருட்டியதும் மூளை தானே சுரக்கும் தூக்கச் சுரப்பு) கொடுத்தார். சில வாரம் தூங்கினாள். பிறகு மாத்திரையைப் போட்டுக்கொண்டே பாடினாள்.

லயத்தில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். டவுனில் அடுக்குமாடி வீடு பார்த்தோம். அங்கே மேலேயும் ஆள், கீழேயும் ஆள்.

பக்கத்து வீட்டு முனியாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டுபவர். ஒருநாள் வெட்டிய குலை அவர் தோள்மேலேயே விழுந்து எலும்பு முறிந்தது. பார்க்கப் போனேன். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“தூக்கம் இல்லாமத்தானே தம்பி?”

“இல்லக்கா. நான் நல்லா தூங்கிருந்தாலும் அது விழுந்திருக்கும்லா. பிள்ளய ஒன்னும் சொல்லாதீங்க.”

அவர் ஏசியிருந்தால் எனக்குப் பாதி பாரம் குறைந்திருக்கும். அடுத்த வாரமே டாக்டரிடம் போய் வேறு மருந்து கேட்டேன்.

“இது பகல்லயும் மந்தமா வச்சிரும்மா. பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்கணும்” என்றார்.

“கொடுங்க டாக்டர். லயமே முழிச்சுக் கெடக்கு.”

கொடுத்தார். அன்றிலிருந்து மலர் இரவில் தூங்கினாள். பகலில் கண் திறந்திருந்தாள், அவ்வளவுதான். சோற்றை ஊட்டினால் விழுங்குவாள். நான் அறைக்குள் நுழைந்தாலும் தலை திரும்பாது. பாட்டு நின்றுபோனது. டாக்டரிடம் சொன்னேன், அளவைக் குறைத்தார். பாட்டு வந்தது, இரவிலும் வந்தது. முனியாண்டி வீட்டில் விளக்கு எரிந்தது. மறுபடி கூட்டச் சொன்னேன்.

இதே நிலையில் இருக்கும் தாய்மாருக்கு ஒன்று சொல்வேன். மாத்திரை யாருடைய தூக்கத்துக்கு என்று டாக்டர் முன்னால் உட்காரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டால் வழி பிறக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் கேட்டேன், பதிலும் தெரியும்.

போன மாதம் டாக்டரே சொன்னார்.

“கொஞ்சம் கொறச்சுப் பார்க்கலாமாம்மா?”

தோள் ஆறி, முனியாண்டி மறுபடி குலை வெட்டப் போய்க்கொண்டிருந்தார்.

“வேணாம் டாக்டர்” என்றேன்.

இப்போது லயம் தூங்குகிறது, மலரும் தூங்குகிறாள். என் உடம்புதான் தூக்கத்தை மறந்துவிட்டது. முன்பெல்லாம் எப்போது விடியும் என்று படுத்திருப்பேன். இப்போது அந்த நினைப்பும் இல்லை. விடிந்தால் அவள் கண் திறக்கிறது, அவள் விழிப்பதில்லை.