மூன்றாவது வரிசையில் நைனா

என்னிடம் யாரும் 'தோற்றுப் போ' என்று சொன்னதில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஆளுக்கொரு கதை கட்டுவார்கள். சண்டைக்கு இரண்டு நாள் இருக்கும்போது தந்தி வரும். போய்ப் பார்த்தால் எதிராளி என்னைவிட ஒரு சுற்றுப் பெரியவனாக, ஒரு மாதம் முட்டையும் கறியும் தின்று தயாராக நிற்பான். நானோ முந்தின சண்டையில் உடைந்த விலாவுக்குப் புத்தூரில் போட்ட கட்டை அவிழ்த்த கையோடு போயிருப்பேன். அப்புறம் தனியாக வேறு சொல்ல வேண்டுமா?

வளர்கிற பாக்ஸர்களுக்கு அடித்துப் பழக ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாகத்தான் பன்னிரண்டு வருஷம் பிழைத்தேன். ஆந்திரா பிரிந்து எல்லைத் தகராறு நடந்துகொண்டிருந்த காலம் அது. மெட்ராஸில் மேடையேறினால் என்னை 'ஆந்திரா வீரர்' என்பார்கள். திருப்பதியில் ஏறினால் 'மெட்ராஸ் வீரர்'. இரண்டு ஊர்க் கூட்டமும் என்னைத்தான் ஏசும். வடமாலபேட்டைப் பக்கத்தில் வீட்டில் தமிழும் சர்க்கார் ஆபீஸுக்குப் போனால் தெலுங்கும் பேசுகிற குடும்பம் எங்களுடையது என்பதை மைக்கில் எவன் விளக்கிக்கொண்டிருப்பான்?

நைனாவுக்கு என் தொழில் அவமானம். கரும்பு போட்டு, வெல்லம் காய்ச்சிச் சித்தூர் மண்டிக்குக் கொண்டுபோகிற மனுஷர். பிள்ளை எங்கே என்று கேட்டால், மெட்ராஸில் கம்பெனி வேலை என்று சொல்லிவிடுவார். ஒரு சண்டைகூடப் பார்த்ததில்லை. சித்தூரிலேயே ஒரு சண்டை அமைந்தபோது, காலில் விழாத குறையாகக் கூப்பிட்டேன். அவர் கண் முன்னால் ஒரே ஒரு தரம் ஜெயிக்க வேண்டும், 'இவன் என் பிள்ளை' என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

சண்டை நடத்துகிறவரிடம், இந்த ஒரு தரம் என் சொந்த ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். எதிராளி சித்தூர்க்காரன், நீயும் இந்த ஜில்லா என்றால் ஜனம் யாரைப் பார்த்துக் கத்தும் என்று கேட்டுவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார். மைக்கில் 'மெட்ராஸ்' என்றார்கள். அரவவாடு, அரவவாடு என்று கூச்சல். தமிழனைத் தெலுங்கில் அப்படிச் சொல்வது உண்டு. அன்றைக்கு அது வசவு.

இரண்டாவது ரவுண்டில் என் இடது கை அவன் தாடையில் சரியாக விழுந்தது. கடவுள் சத்தியமாக நானே எதிர்பார்க்கவில்லை. மடங்கி விழுந்தான். ரெஃப்ரீ எண்ண ஆரம்பித்தார். நான் மூலைக்குப் போய் நின்று நைனாவைத் தேடினேன். மூன்றாவது வரிசையில், அவரிடம் எப்போதும் வெல்லம் வாங்குகிற மண்டிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் முகம் வெளிறியிருந்தது. தலையை இரண்டு தரம் வேண்டாம் என்பதுபோல ஆட்டினார்.

விழுந்தவனை அடிக்காதே என்கிறார் என்று புரிந்துகொண்டேன். அவர் பெற்ற ஒரு பிள்ளை இன்னொருவர் பெற்ற பிள்ளையைக் கொன்றுவிடக் கூடாது என்று பயப்படுகிறார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. எட்டு எண்ணும்போது அவன் எழுந்தான், கால் தள்ளாடியது. இன்னும் ஒரு குத்துப் போதும். அந்தக் குத்தை நான் போடவில்லை, சும்மா சுற்றிச் சுற்றி வந்தேன், மணி அடித்தது. அடுத்த ரவுண்டுகளில் தெளிந்து வந்தவன் என்னைத் துவைத்து எடுத்தான். அவன் கையைத்தான் தூக்கினார்கள்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் நைனா இட்லி வாங்கிக் கொடுத்தார். மெல்ல முடியவில்லை. சாம்பாரில் நனைச்சித் துன்னு என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவன் ஆடிக்கினு நின்னானே, ஏண்டா விட்டுட்ட?" என்றார்.

"நீதானே நைனா வாணாம்னு தலையாட்டின?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. இட்லி இலையையே பார்த்தார்.

"உனுக்கு எங்கடா ஆட்டனேன்? பக்கத்துல மண்டிக்காரரு, இவன் உங்க ஊர்ப் பக்கமா, தெரிஞ்சவனான்னு கேட்டாரு. சுத்திலும் எல்லாம் கத்திக்கினு இருக்காங்க. இல்ல, எவன்னே தெரியாதுன்னுட்டேன்."

திட்டியிருக்கலாம். வாய் வீங்கியிருந்தது என்பது சாக்கு. அதே கூட்டத்தில், அதே நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதை நினைத்துத்தான் அழுகை வந்தது. நைனா தன் துண்டைக் கொடுத்தார்.

அந்த வாரமே பெங்களூரிலிருந்து தந்தி வந்தது. யாரோ ஒரு புதுப் பையன், என்னைவிட ஒரு சுற்றுப் பெரியவன். வருகிறேன் என்று பதில் அனுப்பினேன்.