பனிச்சாலை திறந்த சனிக்கிழமை

எனக்கு ஐந்தாம் வகுப்பு வரைதான் படிப்பு. எழுத்து கோணலாக வரும். எழுதிக்கொண்டிருக்கும்போதே சொல்ல வந்தது மறந்தும் போகும். ஊரில் இருப்பவர்களும், என்னைப் போலப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்களும் பொறுத்துக்கொண்டு வாசிக்க வேண்டும்.

இந்த நாட்டில் தினமும் காலையில் நான் ஒரு பெண்ணுக்குப் போன் செய்கிறேன். எடுத்த உடனே அவளே பேசத் தொடங்கிவிடுவாள். யார், என்ன என்று கேட்கமாட்டாள். அது பதிவு செய்து வைத்த குரல். எங்கள் பக்கத்தில் இருக்கும் மலைப் பூங்காவின் சாலை நிலவரத்தைச் சொல்லும் குரல். அவள் சொல்வதில் எனக்குத் தெரிந்தது இரண்டே சொல்: குளோஸ்டு, ஓப்பன். ஏப்ரல் மாதம் முழுக்கக் குளோஸ்டு. ஆட்களைக் கண்டால் வாய் கட்டிப்போகிற எனக்கு அவள் ரொம்ப வசதியாக இருந்தாள். “சரி தாயி, நாளைக்குக் கேக்கேன்” என்று சொல்லித்தான் போனை வைப்பேன். என் மகள் ரெஜினா சிரிப்பாள்.

சாலையைப் பற்றி எனக்கென்ன அக்கறை என்றால், மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் என் அண்ணன் மனைவி செலின் மதினி இருந்தார்கள். மகன் அருள் வீட்டுக்கு ஆறு மாத விசாவில் வந்திருந்தார்கள். தூத்துக்குடியில் நாங்கள் இருவரும் நாற்பது வருஷம் ஒரே வளவில், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். இங்கே வந்து ஒரே நாட்டில் இருந்தும் முகம் பார்க்க முடியவில்லை. மலையைத் தாண்டும் சாலை பனிக்காலம் முழுக்க மூடியிருக்கும். சுற்றிப் போனால் எட்டு மணி நேரம். எனக்கு முதுகில் ஆபரேஷன் ஆன பிறகு இரண்டு மணி நேரத்துக்கு மேல் காரில் உட்கார முடியாது. மதினிக்கு இரண்டு முட்டும் போய்விட்டது. ஜூன் நடுவில் அவர்களுக்கு விமானம். திரும்ப ஒரு தடவை இவ்வளவு தூரம் வரமாட்டார்கள். நானும் அத்தனை மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து ஊருக்குப் போகப்போவதில்லை. அதற்குள் பார்த்தால்தான் உண்டு.

இதில் நான் ஒரு தப்புச் செய்தேன். “வழக்கமா மே கடைசியில திறப்பாங்கம்மா” என்று ரெஜினா சொன்னதைக் கேட்டு, மே கடைசிச் சனிக்கிழமை, உச்சியில் இறங்கி முதுகை ஆற்றிக்கொண்டு வருகிறேன் என்று மதினியிடம் நாள் சொல்லிவிட்டேன். எங்கள் கடலையும் வருஷத்தில் இரண்டு மாதம் பூட்டி வைப்பார்கள். மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்று ஏப்ரல் நடுவில் விசைப்படகுகளைக் கட்டிப்போட்டால் ஜூன் நடுவில்தான் அவிழ்ப்பார்கள். என் வீட்டுக்காரர் படகு டிரைவர். அந்த இரண்டு மாதமும் வலை பொத்துவார், படகுக்குப் பெயின்ட் அடிப்பார், என்னிடம் சண்டை பிடிப்பார். ஆனால் தேதி என்றால் தேதி. அன்றைக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டு எல்லாப் படகும் கிளம்பிவிடும். இந்த மலைக்கும் அப்படி சர்க்கார் தேதி இருக்கும் என்று நினைத்தேன். மதினி எனக்காக முந்தின நாளே மாவாட்டி வைத்து, அருளை லீவு போட வைத்து, வழி பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். காலையில் அந்தப் பெண் குளோஸ்டு என்றாள்.

“தேதி போட்டுத் திறக்க இது தடைக்காலமாம்மா?” என்று ரெஜினா போனில் ஒரு படம் காட்டினாள். பஸ் உயரத்துக்குப் பனிச் சுவர். அதைக் குடைந்துகொண்டு ஒரு இயந்திரம் நின்றது. பக்கத்தில் மனிதன் எறும்பு மாதிரி. “வெட்டி முடிச்சாத்தான் ரோடு. முடிச்ச பெறவு இன்னும் பெஞ்சா, திரும்ப வெட்டணும்.”

அப்போதுதான் புரிந்தது. நான் தடைக்காலத்தை நினைத்திருக்கக் கூடாது, புயல் கூண்டை நினைத்திருக்க வேண்டும். துறைமுகத்தில் கூண்டு ஏற்றிவிட்டால் எந்தத் தேதியும் கிடையாது. இறக்கும்போதுதான் இறக்குவார்கள். அதுவரை வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

மதினியிடம் போனில் சொல்லக் கூச்சமாக இருந்தது. அவர்கள் கோபப்படவில்லை. “ஏளா, பொறந்ததுல இருந்து பனிமய மாதாவக் கும்பிடுதோம். பனி எப்படி இருக்கும்னு ஒருநாளாவது கேட்டிருப்போமா? இப்பப் பாரு, மொத்தமா அனுப்பி வச்சிட்டா” என்றார்கள். “அப்ப மாதாட்டயே எடுக்கச் சொல்லுங்க மதினி” என்றேன். “அவளே பாவம், குளுருல இருப்பா” என்றார்கள்.

ரெஜினா ஆஸ்பத்திரி நர்ஸ். ஒரு சனி விட்டு ஒரு சனிதான் லீவு. விமானத்துக்கு முன்னால் ஒரே ஒரு சனிக்கிழமை மிச்சம் இருந்தது. அருள் ஒரு யோசனை சொன்னான்: யாரும் முழு மலையையும் தாண்ட வேண்டாம், இரண்டு காரும் ஏறி உச்சியில் சந்திப்போம், ஆளுக்கு இரண்டு மணி நேரம்தான். பூங்காவுக்குள் நுழையவும் முன்கூட்டியே நேரம் குறித்துச் சீட்டு வாங்க வேண்டுமாம். ரெஜினா காலை எட்டு மணிச் சீட்டு வாங்கினாள். இரவில் ஐஸ் பிடிக்கும் என்பதால் சாயங்காலம் நாலு மணிக்கு உச்சியை மூடிவிடுவார்கள். இதெல்லாம் சரியாக அமைந்தும், சாலை திறக்காவிட்டால் ஒன்றும் இல்லை.

புதன்கிழமை அந்தப் பெண் ஓப்பன் என்றாள். நம்பாமல் மூன்று தடவை போட்டுக் கேட்டேன்.

சனிக்கிழமை காலையில் பூங்கா வாசலில் வண்டி நின்றது. பெரிய தொப்பி வைத்த ஒரு பெண் குனிந்து சிரித்து ஏதோ கேட்டாள். ரெஜினா பதில் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

“என்னட்டி கேட்டா?”

“எங்க போறீங்கன்னு கேட்டாம்மா.”

“வண்டிய நிப்பாட்டு.”

“அம்மா, அவ வேலைய அவ பாக்கா!”

“நிப்பாட்டுங்கேன்.”

எங்கள் கரையில் கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்கமாட்டோம். என் வீட்டுக்காரரை யாராவது அப்படிக் கேட்டுவிட்டால் தூக்குச்சட்டியோடு வீட்டுக்குத் திரும்பி வருவார். சட்டியைக் கீழே வைப்பார், உட்காருவார், ஒரு வாய் தண்ணீர் குடிப்பார், புதிதாகக் கிளம்புவார். மதினியைப் பார்க்கிற ஒரே நாளில் இதை நான் விட்டுப் போக மாட்டேன். ரெஜினா முணுமுணுத்துக்கொண்டு ஓரம் கட்டினாள். தண்ணீர் பாட்டில் டிக்கியில் எங்கேயோ அடியில் கிடந்தது. அதற்குள் தொப்பிக்காரப் பெண் ஓடிவந்துவிட்டாள். மலை உயரத்தில் சிலருக்குத் தலை சுற்றுமாம். எனக்கும் அப்படித்தான் என்று நினைத்து, நாடி பிடித்துப் பார்த்து, தன்னுடைய பாட்டிலில் இருந்தே ஒரு கப்பில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். நான் குடித்தேன். ரெஜினாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “கேட்டவளே தண்ணியும் குடுத்துட்டா. இனி ரெட்டைப் பலன்மா” என்றாள். அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்ல ஆசை, பாஷை தெரியாது. கையைப் பிடித்துக்கொண்டேன்.

உச்சியில் கார் நிறுத்துமிடத்தில் அருளின் பெரிய கோட்டுக்குள் ஒரு சின்ன உருவம் நின்றது. நான் அதைத் தாண்டி மதினியைத் தேடினேன். “என்னட்டி, ஆளத் தெரியலையோ?” என்று அந்தக் கோட்டு கேட்டது. மெலிந்துபோயிருந்தார்கள். காற்று ஆளைத் தள்ளியது. ரெஜினாவின் காரில் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினோம். பிளாஸ்கில் கருப்பட்டிக் காப்பி, மதினி கொண்டுவந்த முறுக்கு. முதுகு பிடிக்கும்போதெல்லாம் இறங்கி நாலு அடி நடந்துவிட்டு ஏறிக்கொண்டேன். என்ன பேசினோம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. யார் வீட்டில் யார் இறந்தது, குழாயில் இப்போது தண்ணீர் வருகிறதா, இவைதான். வெளியே ஒரு பலகை இருந்தது. ரெஜினா வாசித்துச் சொன்னாள்: இதற்கு இந்தப் பக்கம் விழுகிற தண்ணீர் ஒரு கடலுக்குப் போகும், அந்தப் பக்கம் விழுகிறது வேறு கடலுக்கு.

“தூத்துக்குடிக்கு எந்தப் பக்கம்ல போவும்?” என்று மதினி அருளிடம் கேட்டார்கள்.

“ரெண்டும் போவாதும்மா.”

“பெறவு எதுக்குல போர்டு?”

மூன்று மணி ஆனது. அருள் தன் வண்டியைக் கிளப்பிக் கொண்டுவந்து நிறுத்தினான். மதினி ஏறினார்கள். போகிறேன் என்று சொல்வது எங்களுக்கு வழக்கமில்லை. “வாரேன்” என்றார்கள். “வாங்க மதினி” என்றேன். வரமாட்டார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். நான் எங்கள் காரைப் பார்த்து நடந்தேன். பின்னால் கண்ணாடி இறங்கும் சத்தம் கேட்டது.

“ஏளா! எங்க போற?”

நாற்பது வருஷத்தில் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. திரும்பினால் மதினி உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். கண் மட்டும் சிரிக்கவில்லை. கேட்டபிறகு என்ன செய்வது? திரும்பிப் போய் அவர்கள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். மடியில் தயாராக வைத்திருந்த பாட்டிலை நீட்டினார்கள். ஒரு வாய் தண்ணீரைப் பத்து நிமிஷம் குடித்தேன்.

நான் இறங்கியதும் அருள் கியர் போட்டான். நான் கதவைத் தட்டினேன்.

“மதினி, எங்க போறிய?”

“கேட்டுட்டாளா! ஏல அருளு, வண்டிய ஆப் பண்ணு!”

ரெஜினா கைக்கடிகாரத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டே இருந்தாள். யாரும் பார்க்கவில்லை. மிச்சத் தண்ணீரையும் பங்கு போட்டுக் குடித்தோம். மதினி பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார்கள். “தீந்துபோச்சிட்டி. இனி யாரும் கேக்கக் கூடாது” என்றார்கள். நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவர்கள் அந்தப் பக்கம் இறங்கினார்கள், நாங்கள் இந்தப் பக்கம்.

மதினி இப்போது தூத்துக்குடியில் இருக்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் எனக்குப் பார்க்க வேண்டிய ஆள் கிடையாது. ஆனாலும் காலையில் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்கிறேன். பிறகு மதினிக்குச் செய்கிறேன். அங்கே அப்போது ராத்திரிச் சாப்பாட்டு நேரம். “இன்னைக்கு ரோடு?” என்பார்கள். “ஓப்பன்” என்பேன். “கடல் எப்படி மதினி?” என்பேன். “கூண்டு ஏத்தல, படகெல்லாம் போயிருக்கி” என்பார்கள். இரண்டு பேருக்கும் திருப்தி.

மலையின் பெயரும் உயரமும் ரெஜினா சொன்னாள், மறந்துவிட்டேன். மதினி இறங்கிய பக்கத்துத் தண்ணீர் மேற்கே உள்ள கடலுக்கும், நான் இறங்கிய பக்கத்துத் தண்ணீர் கிழக்கே உள்ள கடலுக்கும் போகும் என்று பலகையில் இருந்ததாக ஞாபகம். மாற்றி எழுதியிருந்தால், படித்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். அந்த இரண்டு கடலில் எது எங்கள் கடலுக்குக் கொஞ்சமாவது கிட்டே வரும் என்பதையும் பார்த்துச் சொன்னால், நாளைக் காலையில் மதினியிடம் சொல்லுவேன்.