எதிரில் நின்றவளுக்கு ஆப்சென்ட்

எந்த நாளில் தொடங்கினோம் என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. பள்ளிக்கூடத்தை நிறுத்திய நாள் தெரியும். வீட்டில் பாடம் ஆரம்பித்த நாள்தான் பிடிபடவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பனிமூட்டம். அதற்குள் நாங்கள் நான்கு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

எண்பதுகளின் நடுப்பகுதி. மஞ்சக்குட்டைக்கு மேலே ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் கணக்கெழுதும் ரைட்டர். காலை ஏழரைக்கு மஸ்டர். வேலைக்கு வந்தவர்களை ஸ்டோர் வாசலில் நிற்கவைத்துப் பேர் கூப்பிட வேண்டும். குரல் வந்தால் தாளில் ஒரு கோடு. பிறகு யாருக்கு எந்தக் காப்பிக் காடு என்று பிரித்து அனுப்ப வேண்டும். இதைத் தவிர எனக்கு உலகத்தில் வேறெதுவும் உறுதியாகத் தெரியாது என்பது அப்போது எனக்கே தெரியாது.

மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஆறு. மகள் வீட்டில் ஓயாமல் பேசுவாள். சேவலோடு பேசுவாள், சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடியோடு பேசுவாள், சாதத்தில் கிடக்கும் கறிவேப்பிலையை எடுத்து வைத்துக்கொண்டு நீ எதற்கு இங்கே வந்தாய் என்று விசாரிப்பாள். பஸ் ஏறினால் வாய் மூடிக்கொள்ளும். ஒரு வருஷம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் அவள் ஒரு சொல் பேசியதில்லை. ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரே ஹால். வருகைப் பதிவில் அவள் பேர் வரும்போதெல்லாம் அண்ணன்காரன் பின்வரிசையிலிருந்து குரலை மெலிசாக்கி “உள்ளேன் டீச்சர்” என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். அடுத்த ஜூன் மாதம் புது டீச்சர் வந்தார். இரண்டாம் நாளே பிடித்துவிட்டார். அவனுக்கு உள்ளங்கையில் அடி. அவளுக்கு, வாயைத் திறக்கிற வரைக்கும் நில் என்று உத்தரவு. நின்றாள். சாயந்தரம் மணியடிக்கிற வரைக்கும் நின்றாள்.

மறுநாள் பஸ் வந்தது. மகள் படியில் காலை வைக்கவில்லை.

“ஏறு சாமி, டவுனுக்குத்தான போறோம், சிங்கப்பூருக்கா?” என்றார் கண்டக்டர். டிரைவர் இரண்டு தரம் ஹாரன் அடித்தார். மகன் தங்கை கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே நின்றான். பஸ் வளைவில் மறைந்த பிறகும் அதன் சத்தம் கொஞ்ச நேரம் மரங்களுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

அன்று மத்தியானம் மனைவி சொன்னாள்: “ரெண்டும் கொஞ்ச நாளைக்கு ஊட்டுலயே படிக்கட்டுங்க. நானும் பத்தாவது வரைக்கும் படிச்சவதான.” கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. எனக்கு இருந்தது ஒரே ஒரு பயம்தான். பஸ்ஸில் ஏறியதும் போய்விடுகிற குரல், ஒருநாள் வீட்டுக்குள்ளும் போய்விட்டால்?

மஞ்சக்குட்டை டீக்கடையில் விஷயம் எங்களுக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தது. கடைக்காரர்தான் ஆரம்பித்தார்.

“ஏனுங்க ரைட்டரே, எங்கெங்கியோ இருக்கறவங்கெல்லாம் பெட்டி படுக்கையோட ஏற்காட்டுக்குப் புள்ளைங்களக் கொண்டாந்து உட்டுப் படிக்க வெக்கறாங்க. நீங்க மலைமேலயே இருந்துக்கிட்டு ஊட்டுல வெச்சிருக்கீங்களாமா?”

“கொஞ்ச நாளைக்குங்க” என்றேன்.

“அதுக்கில்லீங்க. சேர்வராயன் கோயிலுக்குப் போயி வேண்டிக்கிட்டு வந்தா அந்தப் பாப்பா தன்னால பேசும். புத்தகம் என்னங்க பண்ணும்?”

நடந்தே போய் வேண்டிக்கொண்டும் வந்தோம். குகைக் கோயிலுக்குள் குனிந்து போகும்போது மகள், “இங்க சாமி எப்பிடீங்க நிமிந்து நிக்கும்?” என்று கேட்டாள். பேசுகிற பிள்ளைக்குப் பேச்சு வேண்டும் என்று எப்படிக் கேட்பது? கைகூப்பிக் குழம்பி நின்றுவிட்டு வந்தேன்.

காப்பிக் காட்டுப் பெண்களுக்கும் எங்கள் வீடு நல்ல பொழுதுபோக்கு. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஒருத்தி மகனைக் கேட்பாள்: “ஏங்கண்ணு, உங்க பள்ளிக்கூடத்துல சத்துணவு போட்டாச்சா?” அவன் வாய்த்துடுக்குக்காரன். “எட்மாஸ்டரு இன்னும் அடுப்பே பத்த வெக்கலீங்க” என்பான். எட்மாஸ்டர் உள்ளேயிருந்து கரண்டியோடு வருவாள்.

முதல் வாரம் எதுவும் புரியவில்லை. புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து மனைவி ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தில் ஒரு மாதம் ஓடுகிற பாடம் பத்தரை மணிக்குள் முடிந்துபோனது. அப்புறம்? மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஊற்றில் தண்ணீர் எடுக்கப் போனால் அது லீவா, பாடமா? மகள் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் கூப்பிடலாமா, விடலாமா? மகன் பெருக்கல் வாய்ப்பாட்டைக் கொய்யா மரத்தின் மேலிருந்து சொன்னால் சேர்த்தியா? ஒன்பது மணிக்குச் சாப்பிட வீட்டுக்கு வருகிற எனக்கு, நான் அப்பாவாக வருகிறேனா வேறு யாராகவோ வருகிறேனா என்றே தெரியவில்லை.

தெரியாதபோது மனிதன் தெரிந்ததைச் செய்கிறான். எனக்குத் தெரிந்தது மஸ்டர்.

ஆபீசிலிருந்து பழைய மஸ்டர் தாள் ஒன்றைக் கொண்டுவந்தேன். அதில் பிள்ளைகள் இரண்டு பேரின் பேரையும் எழுதினேன். ஒன்பது மணிக்கு முற்றத்தில் இரண்டு பேரையும் நிறுத்திப் பேர் கூப்பிட்டேன். இங்கே பழகிவிட்டால் அங்கேயும் பதில் சொல்லிவிடுவாள் என்பது என் கணக்கு. மகன் “உள்ளேன் ஐயா” என்று கத்தினான். மகள் தரையைப் பார்த்தாள். இரண்டாம் தரம் கூப்பிட்டேன். அண்ணனுக்கு வாய் துடித்தது, முறைத்தேன். மூன்றாம் தரம். பிறகு, குரல் வராத ஆளுக்கு எஸ்டேட்டில் என்ன போடுவேனோ அதைப் போட்டேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். “ஏனுங்க, எதிர்லயே நிக்கறா. ஆப்சென்ட்டுங்கறீங்க?”

“பழகட்டும்.”

பதினோரு நாள் பழகினாள். முதலில் சேவலோடு பேசுவது நின்றது. பிறகு என்னோடு. தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைத் தொட்டுக் காட்டினாள். பத்தாம் நாள் அம்மாவிடமும் சேலையைப் பிடித்து இழுத்துத்தான் எதையும் கேட்டாள். ஒவ்வொரு அறையாக விளக்கை அணைத்துக்கொண்டே போகிற மாதிரி. நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்துக்கொண்டே தினமும் ஒன்பது மணிக்குப் பேர் கூப்பிட்டேன். நிறுத்தினால் அதன்பிறகு அங்கே பள்ளிக்கூடம் என்று எதுவும் மிச்சமிருக்காது என்று பயந்தேனோ என்னவோ.

“பள்ளிக்கூடம் வேண்டாம்னுதானுங்க புள்ளையக் கூட்டியாந்தோம்” என்றாள் மனைவி, சோற்றைப் போட்டுக்கொண்டே. “அதையும் எதுக்குங்க கூடவே கூட்டியாந்தீங்க?” எனக்கு நொம்பக் கோபம் வந்தது. சாப்பிடாமல் எழுந்து போனேன்.

பன்னிரண்டாம் நாள் காலை, ஸ்டோர் வாசலில் நல்ல மஞ்சுமூட்டம். முன்வரிசை முகங்கள் மட்டும்தான் தெரிந்தன. முன்வரிசையில் நின்ற, மாரமங்கலத்திலிருந்து நடந்து வருகிற ஒரு பெண்ணின் பேரைக் கூப்பிட்டேன், கோடு போட்டேன், அடுத்த பேருக்குப் போனேன். புதிதாக வந்திருந்த மேஸ்திரி என் தோள் பக்கம் குனிந்தார்.

“அந்தம்மா கொரலே குடுக்கலீங்களே. கோடு போட்டுட்டீங்க?”

“அதான் நிக்குதே” என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. அந்தப் பெண் எட்டு வருஷமாக என் மஸ்டருக்கு வருகிறாள். ஒருநாளும் பதில் சொன்னதில்லை. கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு என்னைப் பார்ப்பாள், அவ்வளவுதான். ஒருநாளும் நான் இரண்டாம் தரம் கூப்பிட்டதில்லை. நிற்பதே போதும் என்று அவள் விஷயத்தில் மட்டும் எனக்கு எப்படித் தெரிந்திருந்தது? மீதிப் பேர்களை எப்படிக் கூப்பிட்டு முடித்தேன் என்று நினைவில்லை.

ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் போனேன். இரண்டு பேரும் வழக்கம்போல முற்றத்தில் நின்றார்கள். மகளின் கைகள் பாவாடையைச் சுருட்டிப் பிடித்திருந்தன. நான் பேர் கூப்பிடவில்லை. அவளைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத் தாளை முழங்காலில் வைத்துக் கோடு போட்டேன். அவள் கிட்டே வந்து எட்டிப் பார்த்தாள். அந்தக் கோட்டைப் பார்த்தாள். பிறகு அதற்கு இடதுபக்கம் வரிசையாகக் கிடந்த பதினோரு கட்டங்களையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனாள்.

“நேத்தும் வந்தேனுங்க” என்றாள்.

குரல் கரகரத்திருந்தது. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மகன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“ஆமா கண்ணு. வந்த.”

“முந்தாநேத்தும்.”

“ஆமா.”

ஒவ்வொரு நாளாக அவள் சொன்னாள், ஒவ்வொரு கட்டமாக நான் திருத்தினேன். பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போனது. முடிந்ததும் இனி என்ன என்று எனக்குத் தெரியவில்லை. பேசிவிட்டாள், திரும்பவும் பஸ் ஏற்றுவதா? பேசிவிட்டாள், அதனாலேயே இங்கே வைத்துக்கொள்வதா? தாளை மடிக்கப் போனேன். அவள் விடவில்லை, கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மாவுக்கு ஏனுங்க பேரில்ல? உங்களுக்கு?”

பிள்ளைகளின் பேர்களுக்குக் கீழே எங்கள் இரண்டு பேரின் பேரையும் எழுதினேன். பேனாவை அவளே வாங்கிக்கொண்டாள். என்னை ஏற இறங்கப் பார்த்து எனக்கொரு கோடு போட்டாள். அப்புறம் சமையலறைப் பக்கம் திரும்பி அம்மாவின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள், மலைக்கே கேட்கிற மாதிரி.

“ஒலை கொதிக்குது சாமி, என்னால வர முடியாது” என்று பதில் வந்தது, பாதி சிரிப்பும் பாதி மூக்குறிஞ்சலுமாக. “ஆப்சென்ட்டு போட்டுக்க.”

குரல் வருகிறது, ஆள் எதிரில் இல்லை. இதற்கு என்ன போடுவது என்று மகள் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன்.